வெயிலில் நின்ற வெள்ளைக் கார்

கோத்தா திங்கியில் அன்று அடித்த வெயிலுக்கு, கடை வாசலில் விற்பனைக்கு வரிசையாக நின்ற பழைய கார்களின் பானெட்டில் ஊருக்கே தோசை வார்த்திருக்கலாம். ஆனால் அந்த வெள்ளைக் காரின் சீட்டில் கைவைத்த ரூபேந்திரனுக்கு விரல் சில்லிட்டது. ஏர்கண்டிஷன் போடவில்லை. இன்ஜினே போடவில்லை.

சீட்டுக்கு அடியில், வாசனைக்குச் செருகிய பாண்டான் இலைக் கட்டு, பச்சைப் பசேலென்று. ஒரு கல்யாணச் சமையலுக்கே காணும். அந்த வாசனைக்கும் கீழே ஆற்றுச் சேற்றின் வாடை, குத்தகைக்கு எடுத்தவனைப்போல் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"அங்கிள், வெள்ளத்துல முங்குன காரா?"

"அலமாக்! இது மழையில கூட நனைஞ்சதில்ல லா, தம்பி." கடைக்காரர் மணியம் சிரித்தார். வாயில் தேவைக்கு மேலேயே பல். "உள்ள ஏறி நல்லாப் பாத்துக்குங்க."

"இவரு கத்திரிக்காய் வாங்கவே அரைநாள் தடவுவாரு," என்றாள் பிரவீனா, வெளியே நின்றபடி. இரவு வேலைக்குச் செனாய் பேக்டரி வரை அவள் தனியாக ஓட்டப்போகிற கார். செம்பனைக் காட்டு நடுவில் நின்றுபோனால்? புருஷன்காரன் தடவாமல் என்ன செய்வான்?

ஏறிக் கதவைச் சாத்தினான். வெள்ளம் பார்த்த காரைக் கழுவலாம், பாலிஷ் போடலாம்; சீட் பெல்ட் சுருளுக்குள் போன சேற்றை மட்டும் மறைக்க முடியாது என்று கேள்விப்பட்டிருந்தான். இழுத்தான். கறுப்புப் பட்டை சரசரவென்று வந்தது, மடியில் விழுந்தது, முழங்காலைத் தாண்டியது, யானையைக் கட்டுமளவு வந்தும் முடியாமல், இப்போது ஈரமாக, சொதசொதவென்று, சேறும் மீன்செதிலுமாக வந்துகொண்டே இருந்தது.

நிறுத்தினான்.

மறுமுனையில் யாரோ மெல்ல, பதம் பார்ப்பதுபோல், ஒரு சுண்டு சுண்டினார்கள்.

பிறகு இழுத்தார்கள்.

பட்டை மார்பில் இறுகியது. கழுத்தில். கதவுப் பிடி வழுக்கியது. கணுக்காலில் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர். முழங்கால். இடுப்பு. வெளியே புழுதி பறந்துகொண்டிருந்தது.

"பிரவீ!"

கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடி. வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

"சத்தமே காணோம். என்னா பண்றாரு அங்கிள்?"

"பாக்குறாரும்மா. அடிவரைக்கும் பாக்குறாரு."

அவள் கண்ணாடியருகே வந்தாள். அவன் முகத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில், முகத்தைக் கொண்டுவந்தாள். கண்ணாடியில் அறைந்தான். கத்தினான். வாய்க்குள் தண்ணீர். அவள் முகத்தை வலமும் இடமும் திருப்பி அழகு பார்த்து, வியர்வையில் நகர்ந்திருந்த பொட்டை விரலால் நடுவுக்குத் தள்ளி, அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து அழகாகச் சிரித்துக்கொண்டாள்.