வல்லூறுக் கோபுரத்தில் வெள்ளைத் தடம்

"எல்பே ஆற்றங்கரையில் பாறையேறும் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: வல்லூறு குஞ்சு பொரித்திருப்பதால் இக்கோபுரம் ஜூன் முடியும்வரை மூடப்பட்டுள்ளது. மீறுபவர் மனசாட்சியற்றவர்."

இதை எழுதியவர் பாறைப் பாதுகாப்புக் குழுத் தலைவர் ஹார்ட்முட் லோஸ்னிட்சர். பலகையை ஆணியடித்து மாட்டியவரும் அவரே. ஞாயிறு அந்தியில் அதைத் தாண்டி ஏறி, கோபுரம்போல் நிமிர்ந்த அந்தப் பாறையின் பாதி உயரத்தில் ஒரு திட்டில் உட்கார்ந்திருந்தவரும் அவரே. தடை நீங்கிய மறுநாளே, சங்கத்தில் அவருக்குப் போட்டியான டெட்லெஃப் இந்தப் புது வழியில் ஏறிவிடுவானாம். முதல் ஆள் தானாக இருக்க வேண்டாமா?

வல்லூறு கத்தவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது. ஆள் வாடை பட்டாலே காது கிழியக் கத்தும் பறவை. இப்போது ஈரக்கல்லின் நிலவறை வாசனையும், கீழே ஊசியிலை மரங்களின் முனகலும்தான்.

"ஏறு, கெர்லிண்டே."

"வரேன், வரேன்! ஊருக்கெல்லாம் தடை, தலைவர் வீட்டுக்கு மட்டும் விதிவிலக்கா?" கீழிருந்து மனைவியின் குரல்.

கயிறு தளர்ந்தது. அதை மேலே இழுத்துக்கொண்டிருந்தவர் தன் முழங்காலருகில் பார்த்தார். வெள்ளையாக ஒரு கைத்தடம். பிடி வழுக்காதிருக்கக் கைக்கு வெள்ளைப் பொடி பூசுவது இந்த மணற்கல்லில் பாவம். அதற்காகவே எத்தனையோ பேரைச் சங்கத்திலிருந்து துரத்தியவர் அவர். இந்தக் கல்லில் முகம் உரசித்தான் ஏறினார். அப்போது தடம் இல்லை. தலை குனிந்து, பிடிமானத்துக்காக விரிசலில் கயிற்று முடிச்சைத் திணித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் விழுந்திருக்க வேண்டும்.

விரல்கள் கீழ்நோக்கி இருந்தன.

அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. ஏதோ ஒன்று தலைகீழாக இறங்கியிருக்கிறது.

கயிறு வந்துகொண்டே இருந்தது. கெர்லிண்டே ஏறினால் மூச்சு வாங்குவாள், திட்டுவாள். இன்று சத்தமே இல்லை.

"தலைவரே!" அடிவாரத்துப் புதரிலிருந்து கெர்லிண்டேயின் அடக்கிய குரல். "டெட்லெஃப் டார்ச்சோட வரான். நான் கயித்தக் கழட்டிட்டு ஒளிஞ்சிட்டேன். வாயத் திறக்காதீங்க, மானம் போயிடும்!"

கயிறு விறைத்தது. கனத்தது. மறுமுனை அவர் இடுப்பில்.

கத்தலாம். டெட்லெஃப் ஓடி வருவான். பார்ப்பான். பதவி போகும்.

வாயைத் திறந்தார். மூடினார்.

உரசல். இன்னும் பக்கத்தில். மூச்சில்லாமல்.

திட்டின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கை வந்து அமர்ந்தது. அவர் கணுக்காலைத் தடவிப் பார்த்து, பிடித்துக்கொண்டது.

டெட்லெஃப் பலகையைப் படித்துவிட்டு, மரியாதையாகத் திரும்பிப் போனான்.