புதியவருக்கு வழிகாட்டி

வழிகாட்டியில் மொத்தம் எட்டுப் பக்கங்கள்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எட்டையும் தமிழில் எழுதியவள் அவள்தான். அன்று மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து கணினியை இயக்கியபோது, அந்த வழிகாட்டி தானாகவே திறந்துகொண்டது. அடியில் 'பக்கம் 1 / 11' என்று இருந்தது.

பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது அவள் தொழில். கணினியைத் தொட்டே பார்க்காதவர்களும் பழகிக்கொள்ளட்டும் என்று தன்னார்வலர்கள் சிலர் கூடி எழுதிய இலவச இயங்குதளம்தான் அவள் கணினியில் ஓடியது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். மகள் வயிற்றில் இருந்த மாதங்களில் அதன் திரைச் செய்திகளையும், புதிதாக வருபவர்களுக்கான இந்த வழிகாட்டியையும் உட்கார்ந்து தமிழாக்கிக் கொடுத்தாள். நான்கு வருடங்களுக்கு முன் வேலை செய்ய ஆளில்லாமல் அதை நிறுத்திவிட்டார்கள். இணையதளமும் போயிற்று. "செத்துப்போனதோட இன்னும் எத்தனை நாளைக்குக் குடும்பம் நடத்துவே?" என்று கணவன் கேலி செய்வான். அவளுக்குத்தான் மாற மனம் வரவில்லை.

அனுப்ப ஆளே இல்லாத இடத்திலிருந்து மூன்று பக்கங்கள் எப்படி வரும்?

மழை விட்டும் விடாமல் ஜன்னல் தகரத்தில் சொட்டிக்கொண்டிருக்க, உள்ளறைக் கொடியில் இரண்டு நாளாகக் காயாமல் கிடந்த துணிகளின் புழுங்கல் வாடையும் கணினிப் பெட்டியின் சூடான தூசி வாசனையும் ஒன்றாகக் கலந்து, அந்தச் சின்ன அறையில் யாரோ வெகுநேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததுபோல் காற்று கனத்திருந்தது. அவள் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள். எட்டு வரை ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒன்பதில் நின்றாள்.

'பயப்படாதீர்கள், எதுவும் உடைந்துவிடாது. வீட்டில் இப்போது ஒருவர் மட்டும் இருக்கிறார். நீங்கள் பார்த்துப் பழக வேண்டியவர் அவர்தான்.'

முதல் வாக்கியம் அவளுடையது. இரண்டாம் பக்கத்தில் வருவது. மற்றவை அவளுடையவை அல்ல. ஆனால் எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை. அவள் எழுதினால் எப்படி எழுதுவாளோ, அப்படியே.

நேற்று சாயங்காலம் கணவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. போன் போட்டாள்.

"நேத்து என் கம்ப்யூட்டர்ல ஏதாவது பண்ணினீங்களா?"

"நானா? சார்ஜர் தேடினேன்னு சொன்னேனே."

"பொய் சொல்லாதீங்க."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வந்ததுபோல் பட்டது. "அது உன் ராஜ்ஜியம்மா. அதுல நான் எதுக்குத் தலையை விடப்போறேன்?"

"சிரிக்காதே. எனக்குப் பிடிக்கல."

போனை மேசையில் வைத்தாள். இவன்தான். இல்லாவிட்டால் ஏன் அப்படி மழுப்ப வேண்டும்? சாயங்காலம் வரட்டும் என்று நினைத்துக்கொண்டே பத்தாம் பக்கத்துக்குப் போனாள்.

'கணவரிடம் மரியாதையாகப் பேசுவார். கோபம் வந்தால் "சிரிக்காதே" என்பார். பிறகு போனைக் கவிழ்த்து வைப்பார்.'

போன் கவிழ்ந்துதான் கிடந்தது.

யாரோ பார்க்கிறார்கள். இணையம் வழியாக. இணைய வடத்தைப் பிடுங்கிவிட மேசைக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினாள். அது ஏற்கெனவே கழன்று கிடந்தது. முனையில் தூசி. பல நாள் தூசி.

கை தவறி விசைப்பலகையில் பட, அடுத்த பக்கம் வந்தது.

'மகளைக் கூப்பிடும் முறை: "குட்டிமா". கடைசி எழுத்தைச் சற்று இழுக்க வேண்டும். முயன்று பாருங்கள்.'

உள்ளறையில் எதுவோ தொண்டையைச் செருமியது.

"குட்... டி... மா."

தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம்.

சுவரிலிருந்து மின்வடத்தைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. கணினிப் பெட்டியின் விசிறி நின்றது. மழைச் சொட்டு மட்டும்.

"குட்டி... மா."

இப்போது மனிதக் குரல். பெண் குரல்.

"குட்டிமா..."

அவள் குரல். பதிவில் கேட்கும்போதெல்லாம் அவளுக்கே பிடிக்காத அந்த லேசான மூக்கொலியோடு.

தெருவில் பள்ளி வேன் நின்றது. கதவு இழுபடும் ஓசை. படிகளில் சின்னக் காலடிகள்.

வாசலுக்கு ஓடினாள். கதவைத் திறந்தாள். மகள் குனிந்து ஒரு ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே வராதே, ஓடு என்று கத்த வாயைத் திறந்தாள்.

"உள்... ளே... வ... ரா..."

தகரம் இழுபட்டது. அவள் தொண்டையிலிருந்து.

மகள் நிமிர்ந்தாள். முகம் வெளுத்துப் போயிற்று. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். பிறகு அவளைத் தாண்டி, உள்ளறையைப் பார்த்து அலறினாள்.

"அம்மா!"

"இங்கதான் இருக்கேன், குட்டிமா. ஓடி வா," என்றது உள்ளறையிலிருந்து அவள் குரல்.

பிடிக்கப் போன கைக்கு அடியில் குனிந்து, ஒற்றை ஷூவோடு மகள் ஓடினாள். உள்ளறை வாசலில் தொங்கிய ஈரத்துணிகள் விலகின. ஒரு கை வெளியே வந்து குழந்தையை அணைத்தது. இன்னொரு கை குழந்தையின் தலைமுடியைப் பின்கழுத்திலிருந்து மேல்நோக்கித் தடவியது.

நின்றது.

பிறகு, மெதுவாக, மேலிருந்து கீழே தடவத் தொடங்கியது.