ஆறிக்கொண்டிருந்த கன்னம்

காலையில் படத்தைப் போர்த்தியிருந்த துணியை விலக்கியபோது, ஜோதிமணி முந்தின நாள் தீட்டிய தழும்பு இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.

புற்றுநோய்க்காக அவளது வலது தாடையை எடுத்து எட்டு மாதமாகிறது. காதடியிலிருந்து உதடுவரை இழுத்துத் தைத்த தோல், குழிந்த கன்னம், சரிந்த வாய். உள்ளது உள்ளபடியே தன்னைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நீங்க இதத் தொட்டீங்களா?"

வேலைக்குக் கிளம்பிய உமேஷ் மாடியறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"எனக்கு பிரஷ் புடிக்கவே தெரியாது. ஆனா இப்பத்தான் பாக்க நல்லா இருக்குது. பேடா, வேண்டாம் ஜோதி, மறுபடி அதத் தீட்டாத. கண்காட்சிக்கு ஹனூர்ல இருந்து நம்ம சனமெல்லாம் வரும்."

"வரட்டுமுங்க. பாக்கட்டும்."

மனைவியின் முகத்தைப் பாராமலே அவன் படியிறங்கினான். அவள் தழும்பை மறுபடி தீட்டினாள்.

மறுநாள் படத்தில் கன்னம் பாதி நிரம்பியிருந்தது. குழித்துத் தீட்டினாள். அதற்கு மறுநாள் உதடு நேராகியிருந்தது. அன்றுதான் அவளுடைய சொந்தக் கன்னத்தில் தையலோரம் கசியத் தொடங்கியது. அங்கே ஆற ஆற இங்கே பிரிந்தது.

நான்காம் நாள் மதியம் வானம் இருண்டு, விஜயநகர் முழுக்கக் கரண்ட் போய், ஜன்னல் மேல் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்க, டர்பன்டைன் நெடிக்கு அடியிலிருந்து ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போது வந்த அதே வாடை மெல்ல எழும்பி அறையை நிறைத்தது. போர்த்திய துணிக்குப் பின்னால் யாரோ எதையோ கடைவாயில் வைத்து நிதானமாக மெல்லும் சத்தம் கேட்டது.

எட்டு மாதமாக அவள் எதையும் மென்றதில்லை.

துணியை இழுத்தாள். முழு முகம். வலது தாடை அசைந்தது. நின்றது. சிரித்தது.

கதவு இரண்டடி தூரம்தான். அவள் போகவில்லை.

"அது என் மொகம்," என்றாள், குழறும் வாயால். "உன்னிய ஆறச் சொன்னது யாரு?"

கேன்வாஸ் வெட்டும் பிளேடை எடுத்தாள். காதடியில் வைத்தாள். உதடுவரை இழுத்தாள்.

துணி கிழியவில்லை. தோல் பிரிந்தது. விரல்களில் வெதுவெதுப்பாக வழிந்தது.

படம் அலறியது. முழு வாயால். அவளுடைய பழைய குரலில்.

அவள் பிரஷ்ஷை அதிலேயே தோய்த்தாள். ஒரு தையல். இன்னொன்று. மூன்றாவதை வைக்கும்போது சட்டத்துக்குள்ளிருந்து ஈரமான இரண்டு கைகள் நீண்டு அவள் மணிக்கட்டைப் பற்றின. எலும்பு நெரிந்தது.

பிரஷ்ஷை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். நான்காவது தையலை வைத்தாள்.