கரைத்துக் கொடுத்த மை

நேற்றே காய்ந்த மை இன்று ஈரமாக இருந்தது. அப்துல் ஸமட் விரலால் தொட்டுப் பார்த்தார். படத்தில் மனைவி றாஹிலாவின் நெஞ்சுக்குள் அவர் தீட்டியிருந்த கறுப்பு, விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

கடற்காற்றின் ஈரம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். சூறாவளி கூரையைப் பிய்த்துப் போட்ட பிறகு கல்முனையில் எந்த வீட்டில்தான் எது ஒழுங்காகக் காய்கிறது? ஸமட் கெட்டிக்காரச் சித்திர மாஸ்டர்தான். நல்ல புருஷன் என்று சொல்ல யாருக்கும் நாக்கு வராது. மனைவியின் நோயையே படம் படமாக மையில் கீறிக்கொண்டிருந்தார். முதலில் நெஞ்சில் ஒரு கறுப்புப் பொட்டு. பிறகு அது காகமாயிற்று. இப்போது விலா எலும்புகளுக்கு நடுவே கூடு கட்டி அடைகாத்தது. அவளை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகும்படி டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. போனால் தேறிவிடுவாள். ஆனால் கொழும்புக் கண்காட்சிக்கான கடைசிப் படம் அரைகுறையாக நின்றுவிடும்.

"லெவ்வைக்கிட்டச் சொல்லி பீங்கான் எழுதி வாங்கித் தாங்களன். கரைச்சிக் குடிச்சாலாவது இருமல் அடங்கும்" என்று அவள் கெஞ்சினாள்.

பள்ளிவாசல் லெவ்வை ஓதி, குங்குமப்பூ மையால் பீங்கானில் எழுதிக் கொடுப்பார். ஆனால் அவரிடம் போனால், ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்பார். அதனால் ஸமட் தன் சித்திர மையைத் தொட்டு, பீங்கானில் எழுத்துப்போல நாலு வளைவு இழுத்து, கழுவிய தண்ணீரைக் கொடுத்தார். அல்லாஹ்வின் பெயர்கூட அதில் இல்லை.

"கறுப்பாக் கிடக்கே?"

"லெவ்வை எழுதினதுதான். குடி."

நம்பிக் குடித்தாள் பாவி. அன்றிலிருந்து மகரிபுத் தொழுகைக்குப் பிறகு தினமும் குடித்தாள்.

இன்றும் பீங்கானோடு அறைக்குள் போனார். அரிக்கன் லாம்பின் மண்ணெண்ணெய்ப் புகையும் வேர்வையும் கலந்த வாடைக்குள், பேனாமுள் தாளில் கீறுகிற சத்தம் கேட்டது. மேசையில் பேனா சும்மா கிடந்தது. சத்தம் அவள் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

"உள்ளுக்க என்னமோ கீறுது. உங்களுக்குக் கேக்குதா?"

"ஓம்" என்றார்.

மேசைமேல் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். நெஞ்சில் வெறும் வெள்ளைத் தாள். காகம் இல்லை. கூடும் இல்லை.

றாஹிலா இருமினாள். பீங்கானைப் பறித்து வாயடியில் பிடித்தாள். கறுப்பாகக் கொட்டியது. பிறகு தலையணையில் சாய்ந்தாள். மூச்சு நின்றது.

கீறும் சத்தம் நிற்கவில்லை.

அவர் தன் நெஞ்சில் கைவைத்தார். அங்கேதான்.

பீங்கானில் மை ஊர்ந்து தானாகவே ஓர் உருவத்தைக் கீறியது. அவருடைய தொப்பி. அவருடைய தாடி. விலா எலும்புகளுக்கு நடுவே கூடு. உடைந்த முட்டை ஓடுகள். கண்கள் மட்டும்தான் பாக்கி. ஈரக்கோடு ஒன்று மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.