டெக்சாஸில் தைத்த அங்கி

டெக்சாஸில் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் நஞ்சுண்டன் வீட்டு மணி ஞாயிற்றுக்கிழமை பகலில் அடித்தால், பெரும்பாலும் கார் இடித்த பஞ்சாயத்தாகத்தான் இருக்கும். ஹூஸ்டனில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். தமிழ்ச் சங்கத்தில் அவருக்குத் துப்பறிவாளர் என்று பெயர் விழுந்ததற்கு முழுக் காரணம் அவர் மனைவி புஷ்பவல்லியின் வாய். அவர் ஒரு விஷயத்தை யோசித்து முடிப்பதற்குள் அவள் நாலு பேரைக் குற்றவாளியாக்கிவிடுவாள்.

1998 மார்ச்சில் அப்படி ஒரு ஞாயிறன்று வாசலில் நின்றவர் மரிய அந்தோணி. இரண்டு தெரு தள்ளி இருக்கும் நர்ஸ் அமலியின் அண்ணன். கனடாவில் பெரிய வக்கீல், கன்சர்வேடிவ் கட்சி எம்.பி.யாக இருந்தவர் என்று புஷ்பவல்லிக்குத் தெரியும். இவ்வளவு தளர்ந்துபோயிருப்பார் என்று அவள் நினைக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்தவர் காபியைத் தொடவே இல்லை.

"மணியன்னு ஒருத்தன். டொரண்டோவுல என் பார்ட்னர். இருபத்தஞ்சு வருஷம் ஒரே ஆபீஸ். இப்ப ஆஸ்பத்திரியில கெடக்கான், பிழைக்க மாட்டானாம். என்னைப் பார்க்கணும்னு கேக்கானாம். அவன் சம்சாரம் விசாலாக்ஷி போன் மேல போன் பண்றா. போகணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

"அதை நான் எப்படிங்க சொல்றது?" என்றார் நஞ்சுண்டன்.

"அவன் எனக்குத் துரோகம் பண்ணினானா இல்லையா, அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. பண்ணியிருந்தா போக மாட்டேன். பண்ணலைன்னா அவன் கால்ல விழணும்."

பிறகு கதையைச் சொன்னார். தூத்துக்குடியிலிருந்து சட்டம் படிக்கக் கனடா போய், குளிரில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, முதலில் நகர சபை, பிறகு இரண்டு முறை பாராளுமன்றம். ஒவ்வொரு தேர்தலையும் முன்னின்று நடத்தியவர் மணியன். 1993 தேர்தலில் நாடு முழுக்க அவர்கள் கட்சிக்கு மிஞ்சியது இரண்டே இடம். அந்தோணியும் அந்த வெள்ளத்தில் போனார். மறுபடி கோர்ட்டுக்கே திரும்பி, 1997-இல் இன்னொரு முறை நிற்கத் தயாரானார். வேட்பாளர் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது.

"எனக்கு மனப்பாடம் சார். 'ஆளுங்கட்சி கொடுக்கும் நீதிபதி பதவியை அந்தோணி ரகசியமாக ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்கான கறுப்பு அங்கியைக்கூட டெக்சாஸில் உறவினர் வீட்டில் தைத்து வாங்கிவிட்டார் என்று அவருக்கு மிக நெருங்கிய ஒருவர் சொன்னார்.' அவ்வளவுதான். ஆளுங்கட்சிக்கு விலைபோனவன்னு முப்பது வருஷமா கூட இருந்தவங்களே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. வேற ஆளை நிறுத்திட்டாங்க. பதவின்னு ஒண்ணு யாரும் தரவே இல்லை."

"அங்கி?"

"அது நெசம். என் பழைய வக்கீல் அங்கி நைஞ்சுபோச்சு. அந்தச் செய்திக்குக் கொஞ்ச நாள் முன்னாடி நான் இங்க லீவுல வந்தப்ப, அமலி ஆசையா ஒண்ணு தைச்சுக் கொடுத்தா. அப்ப அமலி வீட்டுல இருந்தது நான், அவ, அவ மக ஷைனா. ஹூஸ்டன்ல ஏதோ கேஸுன்னு வந்த மணியனும் ரெண்டு நாள் எங்ககூடத் தங்கினான். வேற யாருக்கும் தெரியாது."

"செய்தியை வீட்டுல காட்டினீங்களா?"

"அவமானமா இருந்துச்சு. மணியன் கவுத்துட்டான்னு மட்டும்தான் சொன்னேன்."

"அவர்கிட்ட நேர்ல கேட்டீங்களா?"

அந்தோணியின் குரல் கசந்தது. "கேட்டேன். பேப்பரை வாங்கி ரெண்டு தடவை படிச்சான். 'ஷைனா எப்படி இருக்கா, நல்லாப் படிக்கிறாளா'ன்னு கேட்டான். எந்திரிச்சுப் போயிட்டான். இல்லைன்னு ஒரு வார்த்தை வரலை சார் அவன் வாயிலேருந்து. அன்னைக்கே ஆபீஸைப் பிரிச்சுட்டேன். வக்கீல் தொழிலும் வேண்டாம்னு இங்க வந்துட்டேன்."

அவர் போனதும் புஷ்பவல்லி வரிந்துகட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். "ஏனுங்க, எனக்கு அந்த அமலி மேலதான் சந்தேகம். அண்ணன் தேர்தல்ல தோத்தா இங்கயே வந்து இருப்பாருன்னு நினைச்சிருக்கலாமில்ல?"

"வா, போய்ப் பார்க்கலாம்" என்றார் நஞ்சுண்டன்.

அமலி வீட்டுக்கு அவர்கள் போனபோது அண்ணனும் தங்கையும் கடைக்குப் போயிருந்தார்கள். ஷைனா மட்டும் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஹூஸ்டனிலேயே பிறந்தவள், காலேஜில் இரண்டாம் வருஷம். டிவியில் ஏதோ கோர்ட் சீரியல். சூட் போட்ட வக்கீல் ஒருவர் மேஜையைத் தட்ட, கறுப்பு அங்கி போட்ட ஜட்ஜ் உச்சாணியில் உட்கார்ந்து அவரை அதட்டினார். ஈரோட்டு கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் புஷ்பவல்லி பார்த்த வக்கீல்களெல்லாம் வெயிலில் கறுப்பு கவுனோடு வேர்த்து வழிவார்கள். இங்கே வக்கீல்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அங்கியைப் பார்க்கலாமா என்று நஞ்சுண்டன் கேட்டதும் ஷைனா அலமாரியிலிருந்து எடுத்துவந்தாள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"மாமா இதை ஒன் டே கூட வேர் பண்ணல அங்கிள். மணியன் அங்கிள் எல்லாத்தையும் ஸ்பாயில் பண்ணிட்டார். எலெக்‌ஷனும் போச்சு, இதுவும் போச்சு. அன்னைக்கு இதைப் போட்டு மிரர் முன்னாடி நின்னப்ப மாமா எவ்ளோ ஹாப்பியா இருந்தார் தெரியுமா? ஐ வாஸ் சோ ப்ரவுட்."

"அப்ப கனடாவிலிருந்து போன் நிறைய வந்திருக்குமேம்மா?"

"எவ்ளோ! மாமாவும் அம்மாவும் சர்ச்சுக்குப் போயிட்டா நான்தான் செக்ரட்டரி."

நஞ்சுண்டன் அங்கியைக் கசங்காமல் திருப்பிக் கொடுத்தார். காரில் ஏறியதும் புஷ்பவல்லி அவர் முகத்தைப் பார்த்தாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். விடை கிடைத்துவிட்டது, அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவெச்சுச் சொல்லிடலாமுங்களா?"

"வேண்டாம். அவரை மட்டும் வரச் சொல்லு."

சாயங்காலம் அந்தோணியை ஷைனா காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். நஞ்சுண்டன் சுற்றி வளைக்கவில்லை.

"மணியன் சொல்லலைங்க. கனடாவுல வக்கீலும் கறுப்பு கவுன் போட்டுத்தானே வாதாடுறீங்க?"

"ஆமா. ஜட்ஜ் அங்கி வேற மாதிரி. குறுக்கே சிவப்புப் பட்டை இருக்கும்."

"உங்க பார்ட்னரும் தினம் அதைத்தான் மாட்டிக்கிட்டுப் போறாரு. அப்படிப்பட்ட ஆளு, கறுப்பு அங்கி தைச்சுட்டாரு, அதனால ஜட்ஜ் ஆகப்போறாருன்னு சொல்லுவாருங்களா? பொய் சொல்றதுன்னு இறங்கியிருந்தா இதைவிட நல்ல பொய் அவருக்குத் தெரியும். இது பொய்யே இல்லை. சொன்னவங்க உண்மைன்னு நம்பிச் சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"அமலியம்மாவும் இல்லைங்க. ஊர்ல வக்கீலுங்க கவுனைப் பார்த்து வளர்ந்தவங்க. ஆனா அமெரிக்காவுல வக்கீல் சூட் போடுவாரு, ஜட்ஜ் மட்டும்தான் அங்கி போடுவாரு. இங்கயே பிறந்து வளர்ந்தவங்க கண்ணுக்கு அந்த அங்கி என்னவா தெரியும்?"

புஷ்பவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நீங்க சர்ச்சுக்குப் போன நேரத்துல பத்திரிகைக்காரன் போன் பண்ணியிருக்கான். மாமா எங்கன்னு கேட்டிருப்பான். இந்தப் பொண்ணு பெருமை தாங்காம, மாமா ஜட்ஜ் ஆகப்போறாரு, அம்மா அங்கியே தைச்சாச்சுன்னு சொல்லியிருக்கு. இன்னைக்கு வரைக்கும் அதுக்குத் தெரியாது. ஜட்ஜ் பதவியும் மணியனாலதான் போச்சுன்னு நினைச்சுட்டு இருக்குது."

"மணியன் ஏன் இல்லைன்னு சொல்லலை?"

"அவரும் வக்கீலுங்க. எனக்கு ஒரு நாள்ல புரிஞ்சது, அவருக்கு ரெண்டு தடவை படிச்சதும் புரிஞ்சுபோச்சு. அதனாலதான் ஷைனா எப்படி இருக்கான்னு கேட்டாரு. தான் இல்லைன்னு அவர் சொல்லியிருந்தா, அப்ப யாருன்னு நீங்க தேடியிருப்பீங்க. மாமா வாழ்க்கையே தன் வாயால போச்சுன்னு அந்தச் சின்னப் பொண்ணுக்குத் தெரிஞ்சுபோயிருக்கும். அதைவிட உங்க கோபத்தைத் தானே வாங்கிக்கலாம்னு முடிவு பண்ணியிருக்காரு."

அந்தோணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பாராளுமன்றத்தில் பேசிய மனிதர், சத்தமில்லாமல் அழுதார். புஷ்பவல்லிக்கும் கண் நிறைந்துவிட்டது. போனை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

அவர் எண்களை அழுத்தினார். மறுமுனையில் விசாலாக்ஷியின் குரல் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"விசாலம், நான் கிளம்பி வர்றேன்மா. அவன்கிட்ட சொல்லு."

"காலையிலயே முடிஞ்சுடுச்சுண்ணா" என்றாள் அவள். "உங்களுக்குச் சொல்லலாமா கூடாதான்னு எங்களுக்குத் தெரியலை. அதான் சொல்லலை."

போனை வைத்தது யார் என்று புஷ்பவல்லிக்குப் பிறகு நினைவில்லை. அந்தோணி எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கு இது எந்தக் காலத்துலயும் தெரியக் கூடாது" என்று மட்டும் சொன்னார். இருவரும் தலையாட்டினார்கள்.

அவரை அழைத்துப்போக வந்த ஷைனா, மாமாவின் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மணியன் மாமா செத்துட்டார்ம்மா. அவர் ஒண்ணும் பண்ணலை. பேப்பர்காரனே கட்டின கதை. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்."

ஷைனா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "அவர் என் பர்த்டேக்கு போன் பண்ணார் மாமா. நீங்க ஹேட் பண்றீங்கன்னு நான் ஹங் அப் பண்ணிட்டேன்."

அவர் அவள் தலையில் கைவைத்தார். அவள் தேம்பிக்கொண்டே கேட்டாள்: "ஒரு வருஷமா ஒன் டைம் கூட ஏன் மாமா அவர்கிட்ட பேசல? கேட்டிருக்கலாமே?"

"அது என் தப்புதாம்மா" என்றார் மரிய அந்தோணி. "வண்டியை எடு. ஏர்போர்ட்டுக்குப் போகணும்."