தீ படாத இடம்

பகல் பதினொன்றரை மணிக்குப் பொம்மை ஆலைக் கொட்டகையில் தேவநாதன் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்த கூம்புகள் எல்லாம் வளைந்திருந்தன.

விரல் நீளத்தில் மண்ணால் செய்த கூம்புகள். பொம்மைகளோடு சூளைக்குள் வைத்தால், ஆயிரத்து இருநூறு டிகிரி ஏறியதும் நுனி இளகித் தலை குனியும். அதைப் பார்த்துத்தான் அவன் தீயை நிறுத்துவான். இவை இன்னும் சூளைக்குள் போகாதவை. நேற்று அவனே நேராக அடுக்கி மூடியவை. அட்டைப் பெட்டி கருகவில்லை. மேலே வைத்த வைக்கோல் வைக்கோலாகவே இருந்தது.

ஒன்றை எடுத்தான். சில்லென்றிருந்தது.

கத்திரி வெயிலில் தகரக் கூரை விரிந்து விரிந்து சத்தமிட, காய்ந்த களிமண் வாசனையும் சூளை எரிக்கும் எண்ணெய் வாசனையும் கொட்டகைக்குள் அசையாமல் நிற்க, சுடாத பொம்மைகள் கண் எழுதாத முகங்களோடு வரிசையாக வாசலைப் பார்த்திருந்தன. அவன் வெளியே வந்தான்.

வாட்ச்மேன் கோவிந்தசாமி டிரான்சிஸ்டரை மடியில் வைத்திருந்தார்.

“நம்மாளுங்க ராஜஸ்தான்ல அணுகுண்டு வெடிச்சிட்டாங்களாம்டா. நேத்துலேர்ந்து இதே பேச்சு.”

“சூடு எவ்ளோவாம் மாமா?”

“ஒன் சூளையெல்லாம் அதுக்குப் பீடி பத்த வெக்கத்தான் ஆவும். எண்ணெ விக்கிற வெலைக்கு நீயும் ஒண்ணு வாங்கிப் போடு. ஒரு நொடியில ஊரே வெந்துரும்.”

அவர் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, கூம்பை நீட்டினான்.

“இது வளைஞ்சிருக்குதா பாருங்க.”

“நேராத்தான இருக்குது. வெயிலு ஏறிடுச்சு ஒனக்கு. வூட்டுக்குப் போயி மோர் குடி.”

வீடு ஆலைக்குப் பின்னால்தான். போகும் வழியில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. வேப்பமரத்தடியில் நிழல் இருந்தது, குளிர்ச்சி இல்லை. சூளையை அணைத்த மறுநாள் செங்கல்லிலிருந்து கிளம்பும் சுட்ட வாசனை அவன் கூடவே வந்தது. சூளை மூட்டி ஒரு வாரம் ஆகிறது.

வாசலில் அவன் மனைவி கனகா மகள் பாஞ்சாலைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு சடை முடிந்திருந்தது. மற்றது பாதி.

அவன் அவர்களுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தான்.

சூளையில் ஒரு பொருளை இன்னொன்று மறைத்தால், தீ படாத இடம் மட்டும் அதே வடிவத்தில் வெளுத்து நிற்கும். சுவர் முழுக்கக் கருஞ்சிவப்பாக வெந்திருந்தது. நடுவில் இரண்டு வெள்ளை வடிவங்கள். ஒரு பெண். அவள் மடியில் சாய்ந்து ஒரு சிறுமி. சிறுமிக்கு ரெட்டைச் சடை. இரண்டும் பின்னி முடித்தவை.

“என்னாங்க செவுத்தைப் பாக்குறீங்க? பொங்கலுக்கு அடிச்ச சுண்ணாம்பு. இன்னும் வெள்ளையாத்தான் இருக்குது.”

“எழுந்திரு. சூளைக்குப் போவோம்.”

“ஞாயித்துக்கெழமைகூட அதைக் கட்டிக்கிட்டு அழுவணுமா? உலையில சோறு கெடக்குது. இவளுக்கு ஒரு சடை பாக்கி.”

“பின்னாத.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

சூளைச் சுவர் முழங்கை அகலம். உள்ளே மண் இளகும்போது வெளியே அதில் முதுகு சாய்த்து டீ குடித்திருக்கிறான். உள்ளே இருக்கும் தீயை வெளியே விடாத சுவர். வெளியே இருக்கும் தீயை உள்ளே விடாது. அவ்வளவுதான் அவனுக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

இருவரையும் உள்ளே ஏற்றினான். உள்ளிருந்தபடியே வாசலைச் செங்கல்லால் அடைத்தான். வெளிச்சம் ஒரு கையகலமானது. ஒரு கோடானது. கடைசிக் கல்லை வைத்தான்.

இருட்டு.

சாம்பல் வாசனை. மூன்று பேரின் மூச்சு. கூரை வளைவில் பட்டுத் திரும்பி வந்தது. நான்காவது ஒருவர் மூச்சு விடுவது போல.

“வேத்து ஊத்துதுங்க. எவ்ளோ நேரம்?”

அவன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். தகரக் கூரையின் சத்தம் நின்றிருந்தது.

ரிப்பனை இழுக்கும் மெல்லிய ஓசை.

“என்னா பண்ற கனகா?”

“புள்ள முடி மூஞ்சியில வுழுதுங்க. சும்மா ஒக்காந்திருக்கிற நேரத்துல பின்னிட்டேன். முடிஞ்சுது.”

இருட்டில் தாவினான். மகளைத் தேடினான். தலை கிடைத்தது. சடை. இன்னொரு சடை.

வெளியே சத்தமே இல்லை.

செங்கல் இடுக்குகள் வெளுத்தன. ஒவ்வொன்றாக அல்ல. எல்லாம் ஒன்றாக. பிறகு கற்களே வெளுத்தன. மகளின் முகத்தை நெஞ்சில் அழுத்தினான். அவள் கண்களை உள்ளங்கையால் இறுக்கி மூடினான். தன் கண்களையும் மூடிக்கொண்டான். மூடியும் வெள்ளை.

அவன் கைக்கு அடியிலிருந்து பாஞ்சாலை பேசினாள். பயமில்லாத குரல்.

“அப்பா, ஒன் கைக்குள்ள எலும்பெல்லாம் தெரியுதே. ஏம்ப்பா?”