கல்கண்டுத் தண்ணீர்

படுக்கும்போது நிரப்பி வைத்த கூஜா மறுபடியும் காலியாக இருந்தது. ஹௌரா சணல் ஆலைக் குடியிருப்பின் அந்த ஒற்றை அறையில் மின்விசிறியின் கிறீச்சும், சுவருக்கு அப்பால் கங்கையில் போகும் படகின் உறுமலும், சித்திரைப் புழுக்கத்தில் ஊறிய மெத்தையின் வாடையும் கலந்து கிடக்க, மிருண்மயி கண்ணைத் திறக்காமல் மகளின் காலடியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். கழிவறைக்கு, கூஜாவுக்கு, மறுபடி கழிவறைக்கு. பகலெல்லாம் சாக்கு தைத்த உடம்பு எழுந்திரு என்றால் எழுந்துவிடுமா?

"அம்மா, தாகமா இருக்கு."

"இப்பத்தானேடி குடிச்ச! வயிறா, சல்லடையா?"

பதினோரு வயது டுக்டுகி சிரிக்கவில்லை.

உடம்புச் சூட்டுக்கு அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே வைத்தியம்தான், கல்கண்டு ஊறவைத்த தண்ணீர். மிருண்மயியும் ராத்திரிதோறும் கொடுத்தாள். தாகம் கூடக் கூடக் கல்கண்டையும் கூட்டினாள். ஆனாலும் கவுன் தோளில் நிற்காத அளவுக்குப் பிள்ளை இளைத்துப்போனாள். இப்போது படுக்கையை வேறு நனைக்கிறாள். மாடிவீட்டு ரேபா அக்கா சாயங்காலம்தான் சொன்னாள்: "எதுக்கும் ரத்தத்தைப் பாத்துடுடி. சக்கரையா இருந்தா?"

"வாயைக் கழுவுங்க அக்கா! என் பொண்ணு என்ன கிழவியா, சக்கரை வர்றதுக்கு?"

சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் பேச்சு நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது. பயமாக இருந்தது. காலையில் புருஷன் இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அதுவரை கொஞ்சம் தூங்கினால் போதும், கடவுளே.

தூங்கியே போனாள்.

விழித்தபோது காலடிச் சத்தம் இல்லை. மூச்சுதான் கேட்டது. ஆழமான, நீளமான மூச்சு, மூட்டை சுமந்து மாடியேறி வந்தவன் விடுவதுபோல. அறை முழுக்க ஏதோ மணம். அழுகத் தொடங்கிய பழத்தின் தித்திப்பு மணம். வீட்டில் பழமே இல்லை.

"டுக்டுகி?"

மூச்சு.

இருட்டிலேயே கல்கண்டுத் தம்ளரைத் தடவி எடுத்தாள். "ஒரு வாய் குடிடி கண்ணு. ஒரே வாய்."

உதட்டோரம் வழிந்தது. விழுங்கவில்லை.

விளக்கைப் போட்டாள்.

எறும்புகள். ஈர விரிப்பு முழுக்க. கட்டில்காலில் கருங்கோடாக ஏறி, முழங்கால், கழுத்து, கன்னம். பாதி திறந்த கண்ணின் வெள்ளையில் ஒன்று ஊர்ந்தது.

டுக்டுகி இமை கொட்டவில்லை. மூச்சு மட்டும் நீளமாக வந்துகொண்டிருந்தது.